5 பேக்கப் இருந்தும் ஒன்றுகூட உதவலை! டேட்டாபேஸ் சர்வரைப் பராமரிக்கக் கற்பவர்களுக்கு ஓர் இரவின் பாடம்

2017 ஜனவரி 31. கிட்லாப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் அன்றைய வேலையை முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. ஆனால், டேட்டாபேஸில் ஒரு சிக்கல் கிளம்பியதால் உட்கார்ந்து சரிசெய்துகொண்டிருந்தார். இந்திய நேரப்படி பிப்ரவரி 1 அதிகாலை 5 மணியை ஒட்டி, ஒரு ஃபோல்டரை அழிக்கும் கட்டளையைத் தட்டி என்டர் அழுத்தினார். ஓரிரு விநாடிகளில் அவருக்கு உறைத்துவிட்டது. தான் இருப்பது தப்பான சர்வரில்!

உடனே கட்டளையை நிறுத்தினார். ஆனால், சுமார் 300 ஜிபி டேட்டாவில் அப்போது மிச்சமிருந்தது 4.5 ஜிபி மட்டுமே.

'பேக்கப் இருக்குமே, எடுத்துப் போட்டா முடிஞ்சது' என்றுதான் யாருக்கும் தோன்றும். அங்கேதான் உண்மையான அதிர்ச்சி காத்திருந்தது. டேட்டாபேஸ் நிர்வாகம் கற்க நினைக்கும் எல்லோரும் ஒருமுறையாவது தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது. ஏனென்றால், இந்த வேலையில் இருக்கும் அத்தனை பாடங்களும் அந்த ஒரே இரவுக்குள் இருக்கின்றன.

முதலில், டேட்டாபேஸ் சர்வர் என்றால் என்ன?

நீங்கள் ரயில் டிக்கெட் எடுக்கிறீர்கள், பணம் அனுப்புகிறீர்கள், சாப்பாடு ஆர்டர் செய்கிறீர்கள். ஆப்பில் தெரிவதெல்லாம் முகப்பு மட்டுமே. யார், எதை, எப்போது, எவ்வளவுக்கு என்ற கணக்கு பின்னால் ஏதோ ஒரு டேட்டாபேஸில்தான் எழுதப்படுகிறது.

அதில் பல காலமாகக் கோலோச்சுவது 'ரிலேஷனல்' வகை. தகவல்களை டேபிள்களாகப் பிரித்து, ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி வைக்கும் முறை. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைதான் இதற்கு அடித்தளம். அதே ஐபிஎம்மில் 1970-களில் பிறந்ததுதான் எஸ்கியூஎல் மொழி. இன்று அதிகம் புழங்கும் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், மரியாடிபி, ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர் எல்லாம் அந்தக் குடும்பம்தான்.

எஸ்கியூஎல் எழுதத் தெரிவது வேறு, சர்வரைப் பராமரிப்பது வேறு. கார் ஓட்டத் தெரிந்தவருக்கும் மெக்கானிக்கிற்கும் இருக்கும் வித்தியாசம் மாதிரி. கல்லூரியிலும் இன்டர்வியூவிலும் 'ஜாயின் எழுதிக் காட்டு' என்பார்கள். ஆனால், நடு ராத்திரி டிஸ்க் நிரம்பி சர்வர் நின்றால் என்ன செய்வது என்று பாடத்திட்டத்தில் பெரும்பாலும் இருக்காது. அதைக் கற்றவர்தான் டிபிஏ, அதாவது டேட்டாபேஸ் நிர்வாகி.

'எங்க ஆபிஸ்ல டிபிஏன்னு தனியா யாரும் இல்லையே' என்கிறீர்களா? சிறிய நிறுவனங்களில் அப்படித்தான். அங்கே பேக்எண்ட் டெவலப்பர்தான் டிபிஏ. அவருக்கு அது தெரிவது பெரும்பாலும் ஏதாவது உடைந்த பிறகுதான்.

அந்த இரவில் என்ன ஆச்சு?

கிட்லாப் என்பது மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் கோடைச் சேமித்து, சேர்ந்து வேலை செய்யும் தளம். அதன் பின்னால் இருந்தது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். இரண்டு சர்வர்கள். டிபி1 பிரதானம், எழுதுவதெல்லாம் இதில். டிபி2 அதன் நகல், அதாவது ரெப்ளிகா.

நகல் எப்படி ஒத்துப்போகிறது? போஸ்ட்கிரெஸ் எந்த மாற்றத்தைச் செய்தாலும், முதலில் அதை 'வால்' எனப்படும் குறிப்பேட்டில் எழுதிவிடும். கடைக்காரர் கணக்கைப் பேரேட்டில் ஏற்றும் முன் சிட்டையில் எழுதிக்கொள்வது போல. திடீரென்று மின்சாரம் போனாலும், திரும்ப வரும்போது சிட்டையைப் பார்த்துக் கணக்கைச் சரிசெய்துகொள்ளலாம். இதே சிட்டையை உடனுக்குடன் ரெப்ளிகாவுக்கும் அனுப்பினால், அதுவும் அதே மாற்றங்களைச் செய்துகொள்ளும்.

அன்று டேட்டாபேஸில் திடீரென்று சுமை கூடியது. ஸ்பாம் ஆசாமிகளின் வேலை என்று முதலில் சந்தேகிக்கப்பட்டது. ரெப்ளிகா பின்தங்கியது. அது வாங்கிக்கொள்வதற்கு முன்பே, பிரதான சர்வர் பழைய சிட்டைகளை நீக்கிவிட்டது. அந்தச் சிட்டைகளைத் தனியே சேமித்துவைக்கும் ஏற்பாடும் அப்போது அங்கே இல்லை. இனி ஒரே வழிதான்: டிபி2-ஐக் காலி செய்துவிட்டு, டிபி1-லிருந்து முழுசாக மறுபடி நகலெடுப்பது.

நகலெடுக்கும் கருவி ஓடியது. ஆனால், எந்தத் தகவலும் காட்டாமல் சும்மா நின்றது. உண்மையில் அது பிரதான சர்வரின் பதிலுக்காக அமைதியாகக் காத்துக்கொண்டிருந்தது. பொறியாளருக்கு அது தெரியவில்லை. ஃபோல்டரில் பழைய மிச்சம் மீதி ஏதோ கிடக்கிறது, அதனால்தான் நகலெடுப்பு நகரவில்லை என்று நினைத்தார். அதை அழித்துவிட்டுத் தொடரலாம் என்று கட்டளையைக் கொடுத்தார். அழிக்க வேண்டியது டிபி2-ல். அவர் இருந்தது டிபி1-ல்.

இரண்டும் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. பெயரில் ஒரே ஒரு எண் வித்தியாசம். தளம் படுத்துவிட்டது.

5 பேக்கப்புக்கும் என்ன ஆச்சு?

நிறுவனம் பிறகு தானே வெளியிட்ட விரிவான அறிக்கையில் எல்லாவற்றையும் ஒளிவுமறைவின்றிச் சொன்னது. மொத்தம் 5 பேக்கப், நகல் ஏற்பாடுகள். நம்பி எடுக்கும் நிலையில் ஒன்றுகூட இல்லை.

* தினசரி பேக்கப்: டேட்டாவை முழுசாக ஃபைலாக எடுத்து, அமேசான் எஸ்3-ல் சேமிக்கும் ஏற்பாடு இருந்தது. திறந்து பார்த்தால் காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6-ல் ஓடியது. பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பு. பழைய கருவி புதிய சர்வரிடமிருந்து டேட்டா எடுக்க மறுத்து, எரர் கொடுத்துவிட்டு நின்றிருந்தது.

* 'பேக்கப் எடுக்கலை' என்ற எச்சரிக்கை மெயில்: அதுவும் போய்ச் சேரவில்லை. மெயில் சரியான முறையில் சான்றளிக்கப்படாததால், பெறும் சர்வரே அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. பேக்கப் தோற்றது யாருக்கும் தெரியாமல் போனது இதனால்தான்.

* கிளவுட் டிஸ்க் ஸ்னாப்ஷாட்: வேறு சர்வர்களுக்கு இருந்தது. டேட்டாபேஸ் சர்வர்களுக்குப் போடப்படவில்லை. மற்ற பேக்கப்புகள் போதும் என்ற நம்பிக்கை.

* ரெப்ளிகா: அதைச் சரிசெய்யப் போய்த்தான் இவ்வளவும். அதிலிருந்த டேட்டா ஏற்கெனவே நீக்கப்பட்டிருந்தது.

* வால்யூம் ஸ்னாப்ஷாட்: 24 மணி நேரத்துக்கு ஒருமுறை, சோதனைச் சர்வருக்கு டேட்டா எடுப்பதற்காக மட்டுமே இருந்த ஏற்பாடு.

கடைசியில் காப்பாற்றியது இந்த ஐந்தாவதுதான். அதுவும் அதிர்ஷ்டத்தால். விபத்துக்குச் சுமார் 6 மணி நேரம் முன்பு, வேறொரு சோதனைக்காக அதே பொறியாளர் கையால் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்திருந்தார். அது மட்டும் இல்லாவிட்டால் இழப்பு இன்னும் பல மடங்கு.

அந்த நகலைச் சோதனைச் சர்வரிலிருந்து திரும்பக் கொண்டுவரவும் பல மணி நேரம் ஆனது. அங்கே இருந்தவை மெதுவான டிஸ்க்குகள். தளம் மீண்டும் எழச் சுமார் 18 மணி நேரம். ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகான 6 மணி நேரத் தகவல் நிரந்தரமாகப் போச்சு. சுமார் 5,000 புராஜெக்ட்கள், 5,000 கமென்ட்கள், 700 புதிய பயனர் கணக்குகள் பாதிக்கப்பட்டதாக நிறுவனம் மதிப்பிட்டது. கோட் ஃபைல்கள் டேட்டாபேஸுக்கு வெளியே இருந்ததால் அவை தப்பின.

மீட்பு வேலையை அவர்கள் யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். ஒரு கட்டத்தில் சுமார் 5,000 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தப்பு யாருடையது?

என்டர் தட்டியவர் மேல் பழி போடுவது சுலபம். நிறுவனம் அதைச் செய்யவில்லை. 'ஏன், ஏன்' என்று அடுத்தடுத்து கேட்டுக்கொண்டே போனது. பேக்கப் ஏன் வேலை செய்யவில்லை? யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஏன் சோதிக்கவில்லை? அது யாருடைய பொறுப்பு என்றே தீர்மானிக்கப்படவில்லை.

இந்த வேலையைக் கற்பவர் மனதில் ஏற்ற வேண்டிய முதல் விஷயம் இதுதான். தூக்கக் கலக்கத்தில் யாருக்கும் கை தவறும். ஒருவர் கை தவறினாலும் நிறுவனம் பிழைக்கும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைப்பதுதான் டிபிஏவின் வேலை.

சரி, எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

நல்ல செய்தி: இதற்குக் காசு வேண்டாம். போஸ்ட்கிரெஸ், மரியாடிபி இரண்டும் இலவசம், ஓப்பன் சோர்ஸ். சாதாரண லேப்டாப் போதும். முதலில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றில் ஆழமாகப் பழகினால் மற்றது சீக்கிரம் பிடிபடும். பிறகு இந்த வரிசையில் போகலாம்.

1. சாவி யாரிடம்?

நிறுவிய உடனே எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு ஒன்று கிடைக்கும். புதியவர்கள் ஆப்பையும் அதே கணக்கில் இணைத்துவிடுவார்கள். வீட்டுக்கு வரும் பிளம்பரிடம் பீரோ சாவியையும் சேர்த்துக் கொடுப்பது மாதிரி இது.

ஆப்புக்குத் தனிக் கணக்கு. ரிப்போர்ட் எடுப்பவருக்குப் படிக்க மட்டும் அனுமதி. டேபிளையே நீக்கும் அதிகாரம் அன்றாடக் கணக்குகளுக்கு வேண்டாம். அதோடு, போஸ்ட்கிரெஸின் 5432, மைஎஸ்கியூஎல்லின் 3306 ஆகிய வாசல்களை இணையத்துக்கு நேராகத் திறந்துவைக்கக் கூடாது. ஆப் சர்வரிலிருந்து மட்டும் வழி இருந்தால் போதும்.

2. கை தவறாமல் இருக்கப் பழகுவது

'வேர்' நிபந்தனை போட மறந்து டெலீட் கட்டளை கொடுத்தால், டேபிளில் உள்ள அத்தனை வரிசையும் காலி. இதற்கு எளிய பழக்கம் ஒன்று உண்டு. முதலில் 'பிகின்' என்று டிரான்சாக்‌ஷனைத் தொடங்குங்கள். பிறகு கட்டளையைக் கொடுங்கள். எத்தனை வரிசை பாதிக்கப்பட்டது என்று சர்வர் சொல்லும். 1 என்று எதிர்பார்த்து 48,000 என்று வந்தால், 'ரோல்பேக்'. எதுவும் நடக்காத மாதிரி பழைய நிலைக்கு வந்துவிடும். எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் 'கமிட்'.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. போஸ்ட்கிரெஸில் டேபிளை நீக்கியதைக்கூட கமிட்டுக்கு முன் ரோல்பேக் செய்யலாம். மைஎஸ்கியூஎல்லில் முடியாது, டேபிளை நீக்கும் கட்டளை தானாகவே கமிட் ஆகிவிடும்.

அதே மைஎஸ்கியூஎல்லில் ஒரு பாதுகாப்பு வசதி இருக்கிறது. அதை இயக்கினால், 'வேர்' நிபந்தனையோ வரம்போ இல்லாத அப்டேட், டெலீட் கட்டளைகளை ஏற்காது. அதிகாரபூர்வப் பெயர் 'சேஃப் அப்டேட்ஸ்'. இன்னொரு பெயரும் உண்டு: 'ஐ ஆம் எ டம்மி'. நிஜமாகவே அப்படித்தான் தட்ட வேண்டும். கூச்சப்படாமல் போட்டுக்கொள்ளலாம், அனுபவசாலிகளே போடுகிறார்கள்.

நேரடிச் சர்வரின் திரைக்குச் சிவப்பு, சோதனைச் சர்வருக்குப் பச்சை என்று நிறம் பிரித்துவைப்பதும் நல்லது. எந்தச் சர்வரில் இருக்கிறோம் என்று தெளிவாகத் தெரியும்படி திரையை மாற்றுவது, கிட்லாப் விபத்துக்குப் பின் எடுத்த முடிவுகளில் ஒன்று.

3. பேக்கப்பைவிட ரீஸ்டோர் முக்கியம்

பயிற்சிக்கு ஒரு டேட்டாபேஸ் உருவாக்கி, கொஞ்சம் டேட்டா போடுங்கள். பேக்கப் எடுங்கள். இப்போது மனதைத் திடப்படுத்திக்கொண்டு மூலத்தை அழியுங்கள். கையில் கடிகாரத்தோடு, பேக்கப்பிலிருந்து திரும்பக் கொண்டுவாருங்கள். எத்தனை நிமிடம் ஆனது? எல்லா வரிசைகளும் வந்தனவா? பயனர் கணக்குகள் வந்தனவா? போஸ்ட்கிரெஸில் ஒரு டேட்டாபேஸை மட்டும் பேக்கப் எடுத்தால் பயனர் கணக்குகள் அதில் சேராது. இப்படிச் செய்து பார்த்தால்தான் அது தெரியவரும்.

நிறுவனத்தில் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். எவ்வளவு நேரத்து டேட்டா போனால் தாங்கும்? எவ்வளவு நேரம் சேவை நின்றால் தாங்கும்? கிட்லாப்புக்கு அன்று விடை 6 மணி நேரம், 18 மணி நேரம் என்று தானாக அமைந்தது. முன்பே யோசித்திருந்தால் அந்த எண்களை யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள்.

தினமும் ஒருமுறை மட்டும் பேக்கப் என்றால், மோசமான நாளில் 24 மணி நேர டேட்டா போகும். வால் சிட்டைகளையும் தொடர்ந்து வெளியே சேமித்தால், 'மாலை 4.12-க்கு இருந்த நிலைக்குக் கொண்டுபோ' என்று சர்வரிடம் சொல்ல முடியும். இதைப் பழகிக்கொண்டால் நீங்கள் பாதி டிபிஏ.

ரெப்ளிகா பேக்கப் ஆகாது என்பதையும் மறக்க வேண்டாம். பிரதான சர்வரில் தவறுதலாக ஒரு டேபிளை நீக்கினால், அந்த உத்தரவும் ரெப்ளிகாவுக்கு உடனே போகும். அங்கேயும் டேபிள் காலி. சர்வர் பழுதானால் ரெப்ளிகா காப்பாற்றும். கை தவறினால் பேக்கப்தான் காப்பாற்றும்.

4. டிஸ்க், குப்பை, கணக்கு மீட்டர்

டிஸ்க் நிரம்பினால் டேட்டாபேஸ் நின்றுவிடும். அப்போது புதியவர்கள் இடம் தேடி எதையாவது அழிப்பார்கள். வால் சிட்டைகள் இருக்கும் ஃபோல்டரின் பெயர் முன்பு 'பிஜி எக்ஸ்லாக்'. 'லாக்தானே, அழிச்சா என்ன' என்று அழித்து டேட்டாபேஸையே கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. அதனாலேயே 2017-ல் வெளியான போஸ்ட்கிரெஸ் 10-ல் அதை 'பிஜி வால்' என்று மாற்றினார்கள். அந்த ஃபோல்டரில் கை வைக்காதீர்கள். ஏன் நிரம்புகிறது என்று தேடுங்கள். பல நேரங்களில், எப்போதோ கைவிட்ட ஒரு ரெப்ளிகாவுக்காகச் சர்வர் இன்னும் சிட்டைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கும்.

அடுத்தது குப்பை. போஸ்ட்கிரெஸில் ஒரு வரிசையை மாற்றினால் பழையது உடனே போகாது. புதிய பிரதி சேரும், பழையது அப்படியே கிடக்கும். அதைப் பெருக்கித் தள்ளும் வேலைதான் 'வேக்யூம்'. அது பின்னணியில் தானாக நடக்கும். 'சர்வரை மெதுவாக்குது' என்று அதை அணைப்பது வீட்டுக் குப்பை வண்டியை நிறுத்துவதற்குச் சமம்.

அதைவிட ஆபத்தான இன்னொன்று உண்டு. ஒவ்வொரு டிரான்சாக்‌ஷனுக்கும் போஸ்ட்கிரெஸ் ஓர் எண் கொடுக்கிறது. அந்த எண் 32 பிட் அளவில் சுமார் 429 கோடியோடு முடிந்து, பழைய பைக் மீட்டர் போல முதலிலிருந்து சுற்றும். அதில் பாதி தூரத்துக்குள் பழைய வரிசைகளை வேக்யூம் முத்திரையிட்டு வைக்க வேண்டும். வைக்காமல் எல்லையை நெருங்கினால், டேட்டா குழம்பாமல் இருக்கச் சர்வரே புதிதாக எழுதுவதை நிறுத்திவிடும். 2015 ஜூலையில் சென்ட்ரி நிறுவனமும், 2019 பிப்ரவரியில் மெயில்சிம்ப்பின் மாண்ட்ரில் சேவையும் இதில் மாட்டி முடங்கின.

5. மெதுவாக ஓடுவது ஏன்?

'சர்வர் ஸ்லோ' என்றதும் பெரிய சர்வர் வாங்கச் சொல்வது பழக்கமாகிவிட்டது. அதற்கு முன் மெதுவான கேள்விகளைப் பதிவுசெய்யும் வசதியை இயக்கிப் பாருங்கள். பிறகு 'எக்ஸ்பிளெய்ன்' கட்டளை. ஒரு கேள்விக்கு விடை தேடச் சர்வர் எந்த வழியில் போகிறது என்று அது காட்டும். 10 வரிசைக்காக 1 கோடி வரிசையையும் புரட்டுகிறது என்றால், தேவை ஒரு இண்டெக்ஸ். புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவு மாதிரி. ஆனால், எல்லா காலத்துக்கும் இண்டெக்ஸ் போட்டால் எழுதும்போது ஒவ்வொன்றையும் புதுப்பிக்க வேண்டியிருக்கும். அளவோடு போட வேண்டும்.

இணைப்புகளின் எண்ணிக்கையும் அப்படித்தான். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்பும் தனி புராசஸ். சாதாரண அமைப்பில் வரம்பு 100. கிட்லாப் அதை 8,000 என்று வைத்திருந்தது. விபத்து நடந்த இரவில் அமைப்பை மாற்றிச் சர்வரை மறுபடி தொடங்க முயன்றபோது, இந்த எண் மிகப் பெரிது என்று அது எழ மறுத்தது. 2,000-ஆகக் குறைத்த பிறகுதான் எழுந்தது. நிறைய பயனர்கள் என்றால், இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் போன்ற இடைக்கருவி வைப்பதே சரியான வழி.

கிளவுட் இருக்கும்போது இதெல்லாம் தேவையா?

நியாயமான கேள்வி. அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் எல்லாமே டேட்டாபேஸைத் தயாராகத் தருகின்றன. தினசரி பேக்கப், பதிப்பு மேம்படுத்தல் போன்ற சுமைகள் குறையும். ஆனால் யாருக்கு எந்த அனுமதி, எந்த இண்டெக்ஸ், பேக்கப்பை எத்தனை நாள் வைப்பது, திரும்பக் கொண்டுவர எவ்வளவு நேரமாகும் என்பதெல்லாம் உங்கள் முடிவுதான். 'வேர்' இல்லாத டெலீட் கட்டளையை கிளவுடும் அப்படியே நிறைவேற்றும்.

பதிப்புகளையும் கவனிக்க வேண்டும். போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் 5 ஆண்டுகள் மட்டுமே பராமரிப்பு கிடைக்கும். அதன் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் வராது.

நாளை ஆபிஸில் ஒரு கேள்வி

நீங்கள் டிபிஏ ஆகப் போவதில்லை என்றாலும் பரவாயில்லை. டெவலப்பரோ, டெஸ்டரோ, புராடக்ட் மேனேஜரோ, நாளைக்கு டீம் மீட்டிங்கில் ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம பேக்கப்பை யாராவது கடைசியா எப்போ ரீஸ்டோர் பண்ணிப் பார்த்தோம்?"

தேதியும் ஆளின் பெயரும் உடனே வந்தால் நல்லது. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால், அந்த வேலைக்கு ஓர் ஆளையும் ஒரு நாளையும் அந்த மீட்டிங்கிலேயே குறித்துவிடுங்கள்.